அக்கரைச் சாப்பாடு

மாலை ஆறே முக்கால் மணி. ஹாங்காங் தீவின் சென்ட்ரல் பகுதியில், ஏழாம் எண் படகுத்துறை. பின்னால் இருக்கும் வானளாவிய கட்டடங்களிலிருந்து அலுவலகம் விட்ட கூட்டம் இறங்கி வருகிறது. வாயிலில் அட்டையைத் தொட்டால் ஒரு சின்ன ஒலி, வழி திறக்கிறது. சரிவான பாதையில் இறங்கினால் பச்சையும் வெள்ளையும் பூசிய இரண்டடுக்குப் படகு அலையில் லேசாக ஏறி இறங்கியபடி காத்திருக்கிறது. நீலநிற மாலுமிச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் நடைபலகைக்குப் பக்கத்தில் நின்று, கடைசி ஆள் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எதிரே, ஒரு கிலோமீட்டர் சொச்சம் தண்ணீருக்கு அப்பால், கௌலூன் தீபகற்பத்தின் நுனியில் இருக்கிறது சிம் ஷா சோய். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகிறவர்கள் என்றால், மீதிப்பேர் சாப்பிடப் போகிறவர்கள். மண்சட்டிச் சோறு, ஆவியில் வெந்த மீன், பஞ்சாபி தந்தூரி, மசால் தோசை என்று எல்லாமே அக்கரையில் கிடைக்கும். படகு போய்ச் சேரச் சுமார் பத்து நிமிடம்.

கடலுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. தண்ணீரைக் கடக்க அதற்கு நான்கைந்து நிமிடம் போதும். கார்களுக்குச் சுரங்கச் சாலைகள் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், நூறாண்டுக்கும் மேலாகியும் இந்தப் படகு வழக்கொழியவில்லை. அதைத் தொடங்கிய மனிதரும் சாப்பாட்டுத் தொழிலில் இருந்தவர்தான்.

அவர் பெயர் தோராப்ஜி நவ்ரோஜி மித்தாய்வாலா. பம்பாய்ப் பார்சி. பெயரிலேயே மிட்டாய்க்காரர் என்ற பொருள் இருக்கிறது. 1852-இல் சீனாவுக்குப் போகும் கப்பலில் ஏறி ஹாங்காங் வந்து சேர்ந்தவர். சமையற்காரராகத் தொடங்கி, ரொட்டித் தொழிலிலும் விடுதித் தொழிலிலும் கால் ஊன்றினார். ஹாங்காங் தீவு 1842-இலும், எதிரே இருந்த கௌலூன் 1860-இலும் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தன. ஒரே ஆட்சியின் கீழ் இரண்டு கரைகள், நடுவே கடல். கடந்து போக வேண்டுமென்றால் துடுப்புப் போடும் சாம்பான்தான். காற்று மாறினால் நேரம் மாறும். மழை வந்தால் பயணமே மாறும்.

தோராப்ஜி நீராவிப் படகு ஒன்றை வாங்கினார். 'மார்னிங் ஸ்டார்' என்று பெயர். 1880-களில் அது பொதுமக்களை ஏற்றிக்கொண்டு இரு கரைக்கும் ஓடத் தொடங்கியது. 1888-இல் கௌலூன் ஃபெர்ரி கம்பெனியை நிறுவினார். அடுத்தடுத்து வந்த படகுகளுக்கும் ஈவினிங் ஸ்டார், ரைசிங் ஸ்டார், கைடிங் ஸ்டார் என்று நட்சத்திரப் பெயர்களே வைத்தார். 1898-இல் கம்பெனி கைமாறியபோது புதிய முதலாளிகள் அந்த வழக்கத்தையே நிறுவனத்தின் பெயராக்கினார்கள். அதுதான் ஸ்டார் ஃபெர்ரி. இன்று ஓடும் படகுகளுக்கும் செலஸ்டியல் ஸ்டார், சோலார் ஸ்டார், ட்விங்க்ளிங் ஸ்டார் என்று அந்த வரிசையில்தான் பெயர்கள் தொடர்கின்றன.

கம்பெனியை வாங்கியவர்களில் முக்கியமானவர் பால் சாட்டர், கல்கத்தாவில் பிறந்த அர்மீனியர். சென்ட்ரலில் படகேறும் முன் நடந்து வரும் சாட்டர் ரோடு அவர் பெயரைத் தாங்கியது. அக்கரையில் இறங்கிச் சாப்பாட்டுக் கடைகளை நோக்கி நடந்தால் வருவது மோடி ரோடு. ஹாங்காங் பல்கலைக்கழகம் உருவாகப் பணம் கொடுத்த பார்சி வணிகர் ஹோர்முஸ்ஜி நவ்ரோஜி மோடியின் பெயர். இந்தியாவிலிருந்து போன இருவரின் பெயர் கொண்ட இரண்டு தெருக்கள், இந்தியாவிலிருந்து போன மூன்றாமவர் விட்ட படகுக்கு இருபுறமும் இருக்கின்றன.

இந்தப் படகுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை. அக்கரை சேர்ந்ததும் படகைத் திருப்ப வேண்டியதில்லை. மாலுமிகள் மறுமுனைக்கு நடந்து போய், வந்த வழியே ஓட்டிப் போகிறார்கள். கப்பல்கள் நெருக்கியடிக்கும் துறைமுகத்தில் இது பெரிய வசதி. திருப்புவதற்கு இடமும் வேண்டாம், நேரமும் வேண்டாம்.

அப்படியானால் பயணிகள்? அதற்குத்தான் அந்த மரப்பலகை இருக்கைகள். முதுகுச் சாய்மானம் கீல் போட்டது. ஏறியவுடன் பழகிய ஆட்கள் சாய்மானத்தின் மேல்விளிம்பைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளுவார்கள்; டக்கென்று அது மறுபக்கம் சாய்ந்துகொள்ளும். இருக்கை திசை மாறிவிட்டது. கூட்டம் ஏறும்போது படகு முழுக்க இந்த டக் டக் சத்தம் கேட்கும். சாய்மானத்தில் சின்னச் சின்னத் துளைகளாலேயே நட்சத்திரம் வரைந்திருப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். எத்தனையோ முதுகுகள் சாய்ந்து சாய்ந்து மரம் வழவழப்பாகிப் போயிருக்கிறது.

கரை நெருங்கும்போது பார்க்க வேண்டிய காட்சி இன்னொன்று. துறையில் நிற்கும் ஊழியரின் கையில் நீளமான கழி, நுனியில் கொக்கி. மாங்காய் பறிக்கும் நம்மூர்த் துறட்டியேதான். படகிலிருந்து கைப்பருமன் வடம் பறந்து வரும். அவர் அதைத் துறட்டியால் கொத்திப் பிடித்து இழுத்து, இரும்புக் கட்டையில் சுற்றி இறுக்குவார். படகு துறையின் மரத்தூண்களில் மோதி ஒரு முனகல் முனகும். பிறகு நடைபலகை கணகணவென்று இறங்கும். வடம் வீசுபவருக்கும் பிடிப்பவருக்கும் இடையே பேச்சே இருக்காது.

மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று இரண்டு கட்டணம். 2023-இல் உயர்த்தப்பட்ட பிறகும், வார நாளில் மேல்தட்டுக்கு 5 ஹாங்காங் டாலர், கீழ்த்தட்டுக்கு 4 டாலர்தான் ஆனது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கொஞ்சம் கூடுதல். நம் பணத்தில் ஐம்பது ரூபாயைச் சுற்றி. உலகிலேயே விலைவாசி அதிகமான நகரங்களில் ஒன்றில், இந்தக் காட்சிக்கு இந்தக் கட்டணம். மேல்தட்டில் ஊரே விரிந்து தெரியும். கீழ்த்தட்டில் எஞ்சினின் உறுமலும் டீசல் வாசனையும் இருக்கும். தண்ணீரோ கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். கீழ்த்தட்டுக்கென்றே தேடி வருபவர்களும் உண்டு.

இந்தக் கட்டணத்துக்குப் பின்னால் ஒரு போராட்டமும் இருக்கிறது.

1960-களில் ஹாங்காங் மக்கள்தொகை வெகுவேகமாகப் பெருகியிருந்தது. சீனப் பெருநிலத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குன்றுச் சரிவுகளில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். கடலடிச் சுரங்கமும் இல்லை, ரயிலும் இல்லை. வேலைக்குப் போக, மருத்துவமனைக்குப் போக, உறவினரைப் பார்க்க எல்லாவற்றுக்கும் படகுதான். அப்போது முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து சென்ட் உயர்த்த நிறுவனம் அனுமதி கேட்டது. முதல் வகுப்புக்கு மட்டும்தானே என்று மக்கள் விடவில்லை. இன்று படகு ஏறினால் நாளை பஸ்ஸும் அரிசியும் ஏறும் என்று பயந்தார்கள். நகர்மன்ற உறுப்பினர் எல்சி எலியட் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்.

1966 ஏப்ரல் 4. ஸோ சௌ சுங் என்ற இளைஞர், சென்ட்ரல் படகுத்துறையில் தனியாளாக உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கறுப்புச் சட்டையில் வெள்ளை எழுத்தில் கோரிக்கையை எழுதியிருந்தார். மறுநாள் போலீஸ் கைது செய்தது. அதற்கடுத்த இரவுகளில் கௌலூன் தெருக்களில் கலவரம் வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஐந்து சென்ட்டுக்குப் பின்னால் எவ்வளவு வறுமையும் குமுறலும் அடைபட்டுக் கிடந்தன என்பதைக் காலனி அரசு அப்போதுதான் கண்ணால் கண்டது.

1972-இல் முதல் கடலடிச் சுரங்கச் சாலை திறந்தது. 1980-இல் மெட்ரோ ரயில் கடலைக் கடந்தது. அதுவரை இரவு வெகுநேரம் சாப்பாட்டிலும் பேச்சிலும் மூழ்கிக் கடைசிப் படகை விட்டவர்களுக்கு 'வல்லா வல்லா' என்ற சின்ன மோட்டார் படகுகள் துணையாக இருந்தன. கூப்பிட்ட நேரத்தில் வரும் வாடகை வண்டி போலத் தண்ணீரில் காத்துக் கிடந்தவை. சுரங்கம் வந்தது, அவை காணாமல் போயின. ஸ்டார் ஃபெர்ரி மட்டும் நிலைத்து நின்றது.

நின்றது என்று சொன்னாலும், அதன் கரைகள் நிற்கவில்லை. துறைமுகத்தின் இரு பக்கமும் கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறை கரை முன்னேறியபோதும் படகுத்துறையும் முன்னேறியது, கடல் குறுகியது. இதை எதிர்த்து வழக்கறிஞர் வின்ஸ்டன் சூ போன்றவர்கள் போராடியதன் பலனாக, 1997-இல் விக்டோரியா துறைமுகத்தைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. தவிர்க்கவே முடியாத பொதுத்தேவை இருந்தாலொழியக் கடலைத் தூர்க்கக் கூடாது என்று 2004-இல் ஹாங்காங்கின் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது.

ஆனாலும் பழைய சென்ட்ரல் படகுத்துறை தப்பவில்லை. 1950-களின் பிற்பகுதியில் கட்டிய அந்தத் துறைக்கு மேலே ஒரு மணிக்கூண்டு இருந்தது. கால் மணிக்கொரு தரம் மணியோசை தண்ணீர்மேல் பரவும். 2006 நவம்பர் 11 அன்று அந்தத் துறைக்குக் கடைசி நாள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு தடவை போய்வர வந்தார்கள். அடுத்த மாதம் இடிப்பு தொடங்கியபோது இளைஞர்கள் உள்ளே புகுந்து மறியல் செய்தார்கள். மணிக்கூண்டைக் காப்பாற்ற முடியவில்லை. பழஞ்சின்னங்களைக் காக்கும் ஆர்வம் அந்த ஊரில் ஓர் இயக்கமாக எழுந்தது அங்கிருந்துதான்.

அக்கரை மணிக்கூண்டு மட்டும் பிழைத்தது. சிம் ஷா சோயில் படகு நெருங்கும்போது வலதுபக்கம் செங்கல்லும் கருங்கல்லுமாக நிற்கும் 44 மீட்டர் கோபுரம் அது. 1915-இல் கட்டியது. ஒரு காலத்தில் அதன் காலடியில் ரயில் நிலையம் இருந்தது. கான்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்குபவர், சில அடி நடந்தால் படகேறி ஹாங்காங் தீவுக்குப் போகலாம். ரயில் நிலையத்தை 1975-இல் இடம் மாற்றினார்கள், பிறகு இடித்தார்கள். கோபுரம் தனியே நிற்கிறது.

மாலைப் படகின் காட்சி, புறப்பட்ட கரையைத் திரும்பிப் பார்த்தால்தான் முழுமையாகக் கிடைக்கும். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை ஒளிக்கோடுகள் ஓடும் பேங்க் ஆஃப் சைனா கோபுரம், வட்ட வட்ட ஜன்னல்களுடன் ஜார்டைன் ஹவுஸ், 400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஐ.எஃப்.சி. எல்லாம் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொள்கின்றன. அவற்றின் பின்னே விக்டோரியா சிகரம் கறுத்து நிற்கிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு இரு கரைக் கட்டடங்களும் சேர்ந்து இசைக்கேற்ப ஒளி வீசும் நிகழ்ச்சி 2004 முதல் நடக்கிறது. ஏழு மணிப் படகில் போய்ச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். அல்லது எட்டு மணிக்கு நடுக்கடலில் இருக்கும்படி ஏறி, பசியோடு அந்த ஒளியைப் பார்க்கலாம்.

இறங்கியதும் மூக்குக்கு முதலில் எட்டுவது, தெருவோரக் கடைகளின் மீன் உருண்டை மணம். மூங்கில் குச்சியில் கோத்து, மஞ்சள் குழம்பில் கொதிக்கும் உருண்டைகள். கந்தோனீஸ் மொழியில் அந்தக் குழம்புக்குக் 'கா லெய்' என்று பெயர். தமிழ்க் 'கறி' ஆங்கிலக் கப்பல்களில் ஏறி, சீனத் தெருவில் இறங்கிய உருவம் அது.

நாதன் ரோட்டில் சில நிமிடம் நடந்தால் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961-இல் கட்டிய பதினேழு மாடிக் கட்டடம். விடுதிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கோர்டன் மேத்யூஸ், 129 நாட்டினர் இங்கே தங்கிப் போனதைக் கணக்கெடுத்து, 2011-இல் புத்தகமாக எழுதினார். கீழே செல்போன் கடைகள், பணமாற்றுக் கடைகள், சமோசாத் தட்டுகள். மேல்மாடிகளில், வீடாக இருக்க வேண்டிய இடங்களில் இந்திய, பாகிஸ்தானிய மெஸ்கள். லிஃப்ட் சின்னது, ஒற்றைப்படை மாடிக்கு ஒன்று, இரட்டைப்படை மாடிக்கு ஒன்று. வரிசையில் நின்று மேலே போனால் தந்தூரி அடுப்பின் சூடு வாசலிலேயே முகத்தில் அடிக்கும்.

தமிழர்களுக்கு இந்தக் கரை அந்நியமல்ல. காயல்பட்டினத்து ரத்தின வணிகர்கள் பல ஆண்டுகளாக இங்கே தொழில் செய்கிறார்கள். நாதன் ரோட்டின் பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் காதில் விழும். ஹாங்காங் தமிழ்ப் பண்பாட்டுக் கழகம் 1967-இல் தொடங்கியது. மோடி ரோட்டுப் பக்கமாகப் போனால் இட்லியும் தோசையும் பரிமாறும் சைவ உணவகங்கள் உண்டு. மாலைப் படகில் அக்கரை போய்ச் சாம்பார் சாதம் சாப்பிட்டுத் திரும்புவது இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சாதாரணம்.

உள்ளூர்ச் சாப்பாடு வேண்டும் என்றால் மண்சட்டிச் சோறு. நாதன் ரோட்டில் இன்னும் கொஞ்சம் வடக்கே, யாவ் மா தெய்யின் டெம்பிள் ஸ்ட்ரீட் அதற்குப் பேர்போனது. சின்ன மண்சட்டியில் அரிசியைப் போட்டு, நெருப்பில் வைத்து, தண்ணீர் வற்றும் நேரத்தில் பன்றி இறைச்சிச் சாசேஜோ கோழியோ மேலே அடுக்கி மூடிவிடுவார்கள். மேசைக்கு வந்ததும் மூடியைத் திறந்து சோயா ரசத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும்; சட்டி சுர்ரென்று சீறும். உண்மையான ருசி அடியில் இருக்கிறது. பொன்னிறமாகக் காந்தி, சட்டியோடு ஒட்டிக்கொண்ட சோறு. நம் வீடுகளில் அடிச்சட்டிக் காந்தலுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவதைப் போல, அங்கேயும் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிடுகிறார்கள்.

படகேறிச் சாப்பிடப் போவது இந்த ஒரு வழித்தடத்தோடு முடிவதில்லை. தீவின் கிழக்கே சாய் வான் ஹோவில் சிறு படகேறினால் லெய் யூ முன் மீனவர் குடியிருப்பு. தொட்டிகளில் நீந்தும் களவா மீனையும் இறாலையும் நீங்களே தேர்ந்தெடுத்து, பக்கத்து உணவகத்தில் கொடுத்தால் இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு அவித்துத் தருவார்கள். சென்ட்ரலிலிருந்து லாம்மா தீவுக்கும் இதற்காகவே மாலையில் ஆட்கள் போகிறார்கள்.

காஸ்வே பே பகுதியில் ஒரு காலத்தில் சாப்பாட்டுக் கடையே படகுதான். புயலுக்குப் படகுகள் ஒதுங்கும் தடுப்பணைக்குள், கோடை இரவுகளில் வாடகைச் சாம்பானில் மேசை போட்டு உட்காருவார்கள். சமையல் சாம்பான் பக்கத்தில் வந்து அணையும். பாட்டுக்காரர்களின் சாம்பான் இன்னொரு பக்கம். பொரித்த பூண்டும் மிளகாயும் மலைபோல் குவித்த நண்டு அங்கே பிறந்தது. அந்தப் படகுகள் போய்விட்டன. நண்டு கரையேறி, 'புயல் ஒதுங்கிட நண்டு' என்ற பெயரிலேயே இன்றும் உணவகங்களில் கிடைக்கிறது.

அபர்தீன் துறைமுகத்தில் ஜம்போ மிதக்கும் உணவகம் இருந்தது. 1976-இல் திறந்தது, அரண்மனை போன்ற அலங்காரம், ஒரே நேரத்தில் 2,300 பேர் உட்கார இடம். கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கொரோனா தொடங்கிய 2020-இல் மூடியது, பிறகு திறக்கவில்லை. 2022 ஜூனில் இழுத்துச் செல்லப்பட்டபோது தென்சீனக் கடலில் கவிழ்ந்தது. சிறுவயதில் அங்கே கல்யாண விருந்து சாப்பிட்டவர்கள் கரையில் நின்று அதை வழியனுப்பியிருந்தார்கள்.

அதே கொரோனாக் காலம் ஸ்டார் ஃபெர்ரியையும் உலுக்கியது. சுற்றுலாப் பயணிகள் இல்லை. அலுவலகங்கள் வீட்டுக்குள் போயின. கடும் நஷ்டத்தில் இருப்பதாக 2022-இல் நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. 2023-இன் கட்டண உயர்வு அதையொட்டி வந்ததே. அரை நூற்றாண்டைத் தாண்டிய படகுகளைப் பராமரிக்கவும், மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்கவும், அதே நேரம் கட்டணம் சாமானியர் கைக்குள் இருக்கவும் வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர நிற்பது இன்னும் எளிதாகிவிடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். படகு காலை 6.30-க்குத் தொடங்குகிறது, மாலையில் சில நிமிடங்களுக்கொன்று. கடைசிப் படகின் நேரம் அவ்வப்போது மாறுவதால், சாப்பிடப் போகும்முன் துறையின் பலகையில் பார்த்துக்கொள்வது நல்லது. நம் துறைமுகங்களில் எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதுபோல ஹாங்காங்கிலும் புயலுக்கு எண் உண்டு. எட்டாம் எண் வந்தால் படகு நிற்கும்.

இரவு பத்து மணியை நெருங்கும்போது சிம் ஷா சோய் துறையில் மறுபடி கூட்டம். கையில் மீந்துபோன பலகாரப் பொட்டலம், தோளில் தூங்கும் குழந்தை, முகத்தில் பூண்டு வாசனையோடு நிறைந்த வயிற்றின் நிம்மதி. எதிர்க்கரைக் கோபுரங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியிருக்கின்றன. ஒரு பாட்டி ஏறியதும், குழந்தையைத் தூக்கி வந்த மகனுக்கு முன்பாகவே, பலகை இருக்கையின் சாய்மானத்தைப் பிடித்து டக்கென்று தள்ளிவிட்டு, ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டு உட்காருகிறார். துறையில் நிற்பவர் வடத்தை அவிழ்த்து வீசுகிறார். படகில் இருப்பவர் பார்க்காமலே பிடித்துக்கொள்கிறார்.